வாசலோடு நின்ற செருப்புகள்

ஸ்பெயின் தேசத்தில் வால்தெரோசா என்ற நகரத்துக்காரர்களைக் கேட்டால், தங்கள் ஊரின் நாற்பத்தொரு கோயில்களுக்குள்ளும் ஒரு பேராலயத்துக்குள்ளும் செருப்புக் காலோடு எவனும் எந்தக் காலத்திலும் நுழைந்ததில்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்வார்கள். சுத்தப் பொய். போன வருஷம் மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணி வரைக்கும் பூட்ஸ் போட்டவன் பூட்ஸோடும், குதிகால் உயர்ந்த செருப்புப் போட்டவள் டக்டக்கென்று அதோடும்தான் பீடம் வரை போய்வந்துகொண்டிருந்தார்கள். பதினொன்றரைக்குப் பிரகாசியம்மாள் வந்தாள்.

பிரகாசியம்மாளுக்கு வயது அறுபத்தொன்று. தூத்துக்குடிக்குத் தெற்கே புன்னைத்துறை என்ற கடற்கரை ஊரில் காலை நேரத்தில் இட்லிக் கடை போடுகிறவள். புருஷன் போய்ச் சேர்ந்து பதினாறு வருஷம் ஆகிறது. ஃபாதர் தார்சிஸ் இருபத்தாறு பேரைத் திரட்டிப் பதின்மூன்று நாள் திருயாத்திரை என்று விமானம் ஏற்றியபோது, அவள் பாத்திமா உண்டா, லூர்து உண்டா என்றெல்லாம் விசாரிக்கவில்லை. பட்டியலில் வால்தெரோசா இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்துவிட்டுப் பெயர் கொடுத்தாள். அந்த ஊரில் கிளாரம்மாள் சபையின் அடைப்பு மடத்தில் அவளுடைய ஒரே மகள் அமலோற்பவம் பத்தொன்பது வருஷமாக இருக்கிறாள். அடைப்பு மடத்துக் கன்னியர் உள்ளே போனால் போனதுதான், வெளியே வருவதில்லை. வருஷத்துக்கு இரண்டு கடிதம், அவ்வளவுதான் அமலி.

மகளைப் பார்க்கத்தான் போகிறாள் என்று ஊர் நினைத்தது. ஊருக்குத் தெரிந்தது பாதி. அவள் மகளை மீட்கப் போனாள்.

அந்தக் கடற்கரையில் ஒரு வழக்கம் உண்டு. பிழைக்காது என்று எல்லாரும் கைவிட்ட பிள்ளையைத் தாய் கோயிலுக்குத் தூக்கிப்போய், மாதா பீடத்துப் படியில் கிடத்தி, "இது உனக்கு அடிமை" என்று சொல்லி ஒப்படைப்பாள். பிள்ளை பிழைத்த பிறகு, அதன் உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி செய்து, பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திவைத்து ஏற்றினால் மீட்டாயிற்று. அன்றிலிருந்து அது மறுபடியும் தாய்க்குப் பிள்ளை. மீட்காத வரைக்கும் அது மாதாவின் உடைமை, தாய் சும்மா சோறு போட்டு வளர்க்கிறவள். அமலிக்கு இரண்டு வயதில் ஜன்னி கண்டு கண் சொருகியபோது பிரகாசியம்மாள் அவளைப் படியில் கிடத்தினாள். பிள்ளை பிழைத்தது. ஆனால் அந்த வருஷத் திருவிழாவுக்கு மெழுகுவர்த்தி செய்கிறவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். அடுத்த வருஷம் ஓயாத மழை. அதற்கடுத்த வருஷம் பிள்ளை நான்கு விரற்கடை வளர்ந்துவிட்டதால் மெழுகுவர்த்தியும் நான்கு விரற்கடை வளர்ந்துவிட்டது, பார்க்கலாம் என்று விட்டுவிட்டாள். ஒளிக்காமல் சொன்னால், அவளுக்கு மீட்கவே மனசு வரவில்லை. மாதாவின் உடைமையாக இருக்கிற வரைக்கும் பிள்ளையை ஒரு நோய்நொடி அண்டாது என்று உள்ளுக்குள் ஒரு கள்ளத்தனமான நம்பிக்கை. அமலி பத்தொன்பது வயதில் வந்து "நான் மடத்துக்குப் போறேன்" என்று நின்றபோது பிரகாசியம்மாள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். உடையவள் வந்து கேட்டுவிட்டாள், கொடுத்துத்தானே ஆகவேண்டும்? பெற்ற பாசத்தில் அழுகிறாள் என்று அன்றைக்கு ஊர் தேற்றியது. இந்த விஷயத்தை அவள் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

ஆகவே வால்தெரோசாவில் அவளுக்கு வேலை ஒன்றே ஒன்றுதான்: மகளிடம் உண்மையைச் சொல்லி, அவள் உயரம் எவ்வளவு என்று கேட்டு, அந்த உயரத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றவேண்டும். அதற்குள் பஸ் கிளம்பிவிடக் கூடாது. செவ்வாய் காலை வந்த பஸ் வெள்ளி காலை பத்து மணிக்குக் கிளம்புகிறது. ஃபாதர் தார்சிஸ் ஸ்பெயினில் படித்தவர், ஸ்பானிய மொழி தண்ணீர்பட்ட பாடு. ஹோட்டலில் இறங்கியதும் மடத்துக்குப் போன் போட்டார். போனை வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்தார்.

"தவக்காலத்துல யாரையும் பார்க்கமாட்டாங்களாம்மா. ஈஸ்டருக்குப் பிறகு வரச் சொல்றாங்க."

"ஈஸ்டருக்குப் பெறவு நான் எங்க சாமி வர? புன்னைத்துறையில இருந்து மினி பஸ்ல ஏறியா?"

"பார்க்கலாம்," என்றார் ஃபாதர். சாமியார் ஒருவர் பார்க்கலாம் என்று சொன்னால் அது முடியாது என்பதன் மரியாதையான வடிவம் என்று பிரகாசியம்மாளுக்குத் தெரியாதா என்ன?

வாயை மூடிக்கொண்டு எல்லாரோடும் கோயில் பார்க்கக் கிளம்பினாள். முதலில் சந்தியாகப்பர் கோயில். வெள்ளைக் குதிரைமேல் வாளோடு அவரைப் பார்த்ததும் தெற்குக் கடற்கரைக்காரர்கள் இருபத்தாறு பேரும் சொந்தக்காரரை ரயில்வே ஸ்டேஷனில் கண்டமாதிரி கூவிவிட்டார்கள். பிறகு தட்டில் இரண்டு கண்களை ஏந்தி நிற்கும் லூசியம்மாள் கோயில், மிக்கேல் சம்மனசு கோயில், கறுப்பு வெல்வெட்டுச் சேலையில் நெஞ்சில் ஏழு வாள் பாய்ந்து நிற்கும் வியாகுல மாதா கோயில். ஒவ்வொரு வாசலிலும் பிரகாசியம்மாள் தன் நீலவார் ரப்பர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். இரண்டு சாக்ஸ் மாட்டி அதற்குமேல் கான்வாஸ் ஷூ போட்டிருந்த அவள் நாத்தனார் ரெஜினாவுக்கு மானம் போயிற்று.

"எ மைனி, இங்க யாரும் கழட்டல. வாசல்ல கெடந்தா குப்பைன்னு அள்ளிட்டுப் போயிருவான். வெறுங்காலோட பிளேன் ஏறப் போறியளா?"

"அள்ளட்டும். கோயிலுக்குள்ள செருப்போட போனா எனக்குச் செபம் வாய்க்கு வராது."

"தரை ஐஸ் கணக்கா இருக்கு!"

"காலு என் காலு. நீ ஏன் நடுங்குத?"

பேராலயத்துக்கு வந்தபோது பதினொன்றரை. நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற கோபுரம், யானை போகிற வாசல். வாசலுக்கு உட்புறம் தரை முழுக்கக் கல்லறைப் பலகைகள், மேலே பெயர் வெட்டியிருந்தது; ஐந்நூறு வருஷத்து ஆட்கள் படுத்திருக்கிறார்கள், அவர்கள்மேல் ஜனங்கள் பூட்ஸ் காலோடு நடந்துகொண்டிருந்தார்கள். பிரகாசியம்மாளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. கடைசிப் படியில் செருப்பைக் கழற்றி, ஜோடி சேர்த்து, வெளிப்பக்கம் பார்க்க வைத்து, ஊரில் சொல்கிற மாதிரியே அதனிடம் சொன்னாள்: "இங்கனயே கெட. வாசல் தாண்டப்பிடாது. இந்தா வந்துருதேன்."

அவளுக்குப் பின்னால் ஒரு வக்கீல் வந்தார், தினமும் மதியத்துக்கு முன் ஒரு செபம் சொல்லிப் போகிறவர். அவர் வாசலைத் தாண்டினார். அவருடைய ஷூக்கள் தாண்டவில்லை. கயிறு அவிழ்ந்துவிட்டது போலும் என்று திரும்பிப்போய் மாட்டி, இறுக்கி முடிச்சுப்போட்டு, மறுபடி நுழைந்தார். முடிச்சு போட்டபடியே இருக்க, ஷூக்கள் படியிலேயே நின்றுவிட்டன. சரி, இன்றைக்கு இப்படி என்று அவர் சாக்ஸோடு போய்ச் செபத்தை முடித்தார். அவருக்குப் பின்னால் வந்த மூன்று கிழவிகளுக்கும் அப்படியே ஆயிற்று, அவர்களுக்குப் பின்னால் வந்த ஜெர்மன்காரர்கள் பதினெட்டுப் பேருக்கும் அப்படியே ஆயிற்று, சாயங்காலத்துக்குள் நாற்பத்திரண்டு வாசல்களிலும் ஊரின் காலணிகள் எல்லாம் வாய் பிளந்துகொண்டு வெளியே காத்துக்கிடந்தன. திரும்பி வந்தால் சமர்த்தாக மாட்டிக்கொள்ளவும் செய்யும். உள்ளே மட்டும் வராது.

புதன்கிழமை விசாரணைக்கு வந்த போலீஸ் அதிகாரி தன் பூட்ஸை வாசலில் பறிகொடுத்து, பெருவிரல் எட்டிப் பார்க்கிற சாக்ஸோடு நின்று அறிக்கை எழுதினார். அந்த ஓட்டையைப் பற்றி அறிக்கையில் ஒன்றும் இல்லை. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியர் வந்து வாசற்படியைத் தட்டிப் பார்த்து, அளந்து பார்த்து, கல் நல்ல கல் என்று சொல்லிவிட்டுப் போனார். செருப்புக் கடைத் தெருவின் சங்கத் தலைவர் தன் கடையின் மிக உயர்ந்த ரகத்தைப் பெட்டியில் போட்டு, பெட்டியைப் பையில் போட்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு நுழைந்தார். உள்ளே போய்த் திறந்தால் பெட்டி காலி, ஷூக்கள் படியில் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. தான் பெற்ற பிள்ளைகளைத் திட்டுவதுபோல அவர் அவற்றை அரைமணி நேரம் திட்டினார்.

அதற்குள் ஊர் பழகிவிட்டது. ஊர்கள் எதற்கும் பழகிவிடும், அதற்கு இரண்டு நாள் போதும். முதல் நாள் எல்லாருக்கும் வெட்கம்: யாருடைய சாக்ஸில் தையல், யாருக்குப் பித்தவெடிப்பு, எந்தப் பெரிய வீட்டு அம்மாளின் கட்டைவிரல் எந்தப் பக்கம் கோணியிருக்கிறது என்பதெல்லாம் அம்பலமாகிவிட்டதே என்று கிழவிகள் பாவாடையை இழுத்து இழுத்து மூடினார்கள். இரண்டாம் நாள் அதே கிழவிகள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து காலை நீட்டி, உன்னுடையது எந்த வருஷம் கோணியது, என்னுடையது மூன்றாம் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு என்று கதை பேசினார்கள். மருந்துக்கடைகளில் வெடிப்புக் களிம்பு தீர்ந்துபோயிற்று. தரையின் குளிர் தாங்காமல் சாமியார்களின் பிரசங்கம் ஏழு நிமிஷத்துக்குச் சுருங்கியது; இதை ஒரு தனி அற்புதமாகவே கொண்டாடினார்கள். பதினொரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத கசாப்புக்கடை அண்ணன் தம்பி இருவரும் பூசை முடிந்த அவசரத்தில் ஷூவை மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். ஒரே அப்பனின் கால் இருவருக்கும், வீடு போய்ச் சேரும்வரை தெரியவில்லை. மாற்றிக்கொள்ளப் போன தம்பியை அண்ணன் பெண்சாதி சாப்பிடச் சொல்லிவிட்டாள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் தரையில் நடந்தது. ஐந்நூறு வருஷமாக மிதித்து மிதித்துக் கண்ணுக்குத் தெரியாமல் தேய்ந்துபோன கல்லறை எழுத்துகள் உள்ளங்காலுக்குத் தெரிந்தன. பீடத்துக்கு நேராக நடக்கிறவர்கள் சட்டென்று நின்று, இங்கே ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள், பெயர் கத்தலீனா, என்றார்கள். தூண் ஓரமாகச் சாண் அளவுக்கு ஒரு பலகை, பிறந்த அன்றே போன குழந்தையாக இருக்க வேண்டும், அதன்மேல் கால் பட்டவர்கள் எல்லாரும் காலை எடுத்துக்கொண்டு சுற்றிப் போனார்கள். வியாழக்கிழமைக்குள் ஊர் முழுக்க மெதுவாக நடக்கக் கற்றுக்கொண்டது. யாரோ அந்தச் சிறிய பலகைமேல் ஒரு கம்பளிக் காலுறை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

புன்னைத்துறைக்காரர்கள் இருபத்தைந்து பேருக்கும் தலைகால் புரியவில்லை. முந்தின நாள் வரை ஷூவோடு போனதை அடியோடு மறந்துவிட்டு, "எங்க ஊர்ல எப்பமும் இப்படித்தான்" என்று கண்டவர்களிடம் கைஜாடை காட்டினார்கள். ரெஜினா தன் கான்வாஸ் ஷூவைப் பெட்டியின் அடியில் பூட்டியேவிட்டாள். ஹோட்டலிலிருந்தே வெறுங்காலோடு கிளம்பி, "நானும் மைனியும் சேர்ந்துதான் மொதல்ல கழட்டுனோம்" என்று சாதித்தாள். பிரகாசியம்மாளுக்கு இதிலெல்லாம் மனசு ஒட்டவில்லை. அவள் மடத்தின் சுவரைப் போய்ப் பார்த்துவந்திருந்தாள். ஜன்னலே இல்லாத சுவர். கையால் தடவிப் பார்த்தபோது சுண்ணாம்பு ஒட்டியது. இதற்குப் பின்னால்தான் இருக்கிறாள் என்று நினைத்து, பிறகு எந்தப் பக்கம், எத்தனை அடி தூரத்தில் என்று நினைக்க முடியாமல் திரும்பிவிட்டாள்.

பேராலயத்துக் கோயில்பிள்ளை அனஸ்தாசியோ மணியடித்து விளக்கேற்றுகிறவர். வாசலில் நடப்பதெல்லாம் அவர் கண்ணுக்குத் தப்பாது. நீலவார் செருப்போடு வந்த அம்மாளை அவர் அடையாளம் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை மதியம் பேராலயத் தலைமைக் குரு தோன் எவரிஸ்தோ அவளைக் கூப்பிட்டனுப்பினார். ஃபாதர் தார்சிஸ் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார். தோன் எவரிஸ்தோ எழுபது வயதுக்காரர், நெடுநெடுவென்று இருந்தார், கடுகடுப்புக்குப் பேர்போனவர். பாதம் இரண்டையும் அங்கிக்குள் இழுத்து மறைத்துக்கொண்டு பேராலயத்துக்குள் ஒரு பக்கவாட்டுப் பீடத்தருகே நாற்காலியில் இருந்தார்.

"நீங்கள் காலணிகளிடம் என்ன சொன்னீர்கள்?"

"ஊர்க் காலணிகிட்ட நான் ஏன் சாமி பேசப் போறேன்? என் செருப்புக்கிட்டத்தான் சொன்னேன். வாசல் தாண்டப்பிடாதுன்னேன்."

"அதை மாற்றிச் சொல்ல முடியுமா?"

"மாத்தி என்னன்னு சொல்ல? செருப்போட உள்ள போன்னா? அதைச் சொல்ல எனக்கு நாக்கு வராதே சாமி. வேற யாராச்சும் சொல்லிப் பாக்கட்டும்."

தோன் எவரிஸ்தோ எரிச்சலில் எழுந்துவிட்டார். எழுந்த வேகத்தில் அங்கி விலகியது. வலது காலில் ஆறு விரல். சின்னவயதிலிருந்து யாருக்கும் காட்டாமல், குளிக்கும்போதுகூடக் கதவைத் தாழ்போட்டு, அறுபது வருஷமாகப் பூட்ஸுக்குள் ஒளித்துவைத்திருந்த ஆறாவது விரல் அது. மூன்று நாளாக அவர் படியேறும்போது அங்கியைத் தரையில் புரளவிட்டுத் தடுக்கி விழாத குறையாக நடப்பதெல்லாம் இதற்காகத்தான். பிரகாசியம்மாள் குனிந்து நன்றாகப் பார்த்தாள்.

"எ ஃபாதர், சாமிக்கு ஆறு விரலு! எங்க ஊர்ல இப்படிப் பொறந்தா ராசிக்காரப் பிள்ளைன்னு தெருவே வந்து பாக்கும். பெத்தவ கொடுத்து வச்சவன்னு சொல்லுங்க அவுகட்ட."

ஃபாதர் தார்சிஸ் சொல்வதா வேண்டாமா என்று திணறி, பிறகு சொல்லிவிட்டார். தோன் எவரிஸ்தோவின் தாயார் அந்த விரலைத் துணியால் இறுக்கிக் கட்டி, யாரிடமும் சொல்லாதே என்று வாக்குறுதி வாங்கியவர். கொடுத்துவைத்தவள் என்று அந்தத் தாயை யாரும் சொன்னதில்லை. கிழவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்து, வலது காலை வெயில் விழுந்த இடத்தில் நீட்டி, அதைத் தானும் முதல்முறை பார்ப்பவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காலணி விஷயத்தைப் பேசவேயில்லை. இவ்வளவு தூரம் எதற்காக வந்தாய் அம்மா என்று கேட்டார். அவள் மகள் இருப்பதைச் சொன்னாள். தவக்காலம் என்று கதவை அடைத்துவிட்டதையும் நாளை பத்து மணிக்குப் பஸ் என்பதையும் சொன்னாள். மெழுகுவர்த்தியை மட்டும் சொல்லவில்லை. அவர் அங்கேயே காகிதம் வாங்கி மடத்துத் தலைமைத் தாயாருக்கு நான்கு வரி எழுதிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு ஃபாதர் தார்சிஸ் அவளை மடத்துப் பேச்சறையில் விட்டுவிட்டு, வெளியே இருக்கிறேன் என்று போனார். அது கோயில் இல்லை, சும்மா ஒரு அறைதான்; செருப்புகள் அங்கே தாராளமாக உள்ளே போகும். ஆனாலும் அவள் கழற்றினாள். அறையின் நடுவே சுவருக்குச் சுவர் இரும்புக் கிராதி, கை நுழைகிற இடைவெளி, அதற்குப் பின்னால் கறுப்புத் திரை. மெழுகு காய்ச்சுகிற வாசம் எங்கிருந்தோ வந்தது. திரை விலகியது.

அங்கே நின்றவள் முப்பத்தெட்டு வயதுப் பெண்பிள்ளை, பழுப்பு அங்கி, இடுப்பில் வெள்ளைக் கயிறு, மூக்கில் கண்ணாடி. பத்தொன்பது வருஷமாக ஒத்திகை பார்த்த வார்த்தையெல்லாம் பிரகாசியம்மாளுக்கு மறந்துபோயிற்று.

"கண்ணாடி போட்டுருக்கியாட்டி?"

"நாப்பது ஆவப்போவுதுல்லா எம்மா," என்றாள் அமலி. யாரோடும் பேசாமல் உள்ளேயே வைத்திருந்த தமிழ். கொஞ்சம் தயங்கித் தயங்கி வந்தது, ஆனால் ஊரைவிட்டுப் போன அன்றைக்குப் பேசிய அதே பேச்சு.

"சாப்டியா?"

"இன்னைக்கு ஒருசந்தில்லா. மத்தியானம்தான். நீ மெலிஞ்சு போயிட்டியே எம்மா."

"ஒன் உசரம் எவ்வளவுட்டி?"

"எதுக்கு?"

அப்போது சொல்லிவிட்டாள். ஜன்னி வந்ததை, படியில் கிடத்தியதை, மெழுகுவர்த்திக்காரர் படுத்ததை, மழையை, தன் கள்ளத்தனத்தை, எல்லாவற்றையும் கிராதிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கச் சொன்னாள். "ஒன்னை சேசு கூப்பிடலட்டி. நான் மீட்காம விட்டேன், அதான் மாதா வாங்கிக்கிட்டாவ. ஒன் வாழ்க்கைய நான்தான் தொலைச்சேன். உசரத்தைச் சொல்லு, ஏத்திருதேன். பெறவு நீ வரணும்னா வா, இருக்கணும்னா இரு. ஆனா அடிமையா இருக்காத."

அமலி கம்பிக்குக் கிட்டே வந்து நின்றாள்.

"படியில போட்டுட்டு என்ன செஞ்ச எம்மா?"

"திரும்பிப் பாக்காம வாசல் வரைக்கும் நடக்கணும்பாவ. அப்பத்தான் குடுத்ததா ஆவும். நான் ரெண்டடி வச்சேன். நீ அழுத. ஓடியாந்து தூக்கிட்டேன்."

"வாசல் வரைக்கும் போவல?"

"எங்கட்டி போவ? நீ அழுதியே."

"அப்பம் என்னை நீ குடுக்கவே இல்லயே எம்மா."

முப்பத்தாறு வருஷமாகத் தினமும் நினைத்த விஷயத்தில் இந்த ஒரு இடத்தைப் பிரகாசியம்மாள் யோசித்ததே இல்லை.

"பெறவு எதுக்குட்டி நீ போன?"

"சொன்னா வருத்தப்படுவ."

"சொல்லு."

"நீ என்னைப் பாக்குத பார்வைக்குத்தான் போனேன். காய்ச்சல்னாலும் அப்படிப் பாப்ப, பாவாடை கட்டிக்கிட்டு வந்து நின்னாலும் அப்படிப் பாப்ப. அடுத்த வீட்டுச் சாமானத் திருப்பிக் குடுக்கணுமேங்க மாதிரி. என்னைக் கட்டிக்கிட்டுப் படுக்கும்போதுகூட உன் கை இறுகவே இறுகாது. நான் உனக்குப் பிள்ளையே இல்லன்னு நெனச்சேன். எங்கயாச்சும் தூரமாப் போவணும்னுதான் வந்தேன்." அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "மூணு வருஷம் அழுதேன். பெறவு பிடிச்சுப்போச்சு. இந்த மெழுகு வேலை, இந்தப் பாட்டு, இந்தக் கிழவிக எல்லாம் பிடிச்சுப்போச்சு. இப்பம் கதவத் தெறந்துவிட்டாலும் போவமாட்டேன். யாரும் என்னை வாங்கல எம்மா. நான் இருக்கேன், அவ்வளவுதான்."

பிரகாசியம்மாள் அழுதாள். கையில் இருந்ததையே இல்லை என்று நினைத்துப் பிள்ளையைத் தள்ளிவைத்துவிட்டோமே என்று வாய்விட்டு, மூக்கைச் சிந்தி, இட்லிக்கடைக்காரி எப்படி அழுவாளோ அப்படி அழுதாள். அமலி அழட்டும் என்று விட்டாள். கம்பிக்குள் கையை விட்டு அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை.

"அப்பம் மெழுகுவத்தி வேண்டாமாட்டி?"

"வேணும். ஆனா எனக்கில்ல. என்னை நீ அன்னைக்கே தூக்கிட்டுப் போயிட்ட. முப்பத்தாறு வருஷமா அந்தப் படியில கெடக்குதது நீதான். நான்தான் ஒன்னை மீக்கணும். ஒன் உசரத்துக்கு நானே வார்த்து ஏத்துதேன்."

அவள் தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தாள். ஒரு முனையைக் கிராதிக்கு அடியில் விட்டாள்.

"இதைக் குதிங்காலால மிதிச்சுக்க. முதுகைக் கம்பியோட ஒட்டி நில்லு."

பிரகாசியம்மாள் திரும்பி நின்று வெறுங்காலால் கயிற்றை மிதித்துக்கொண்டாள். கயிறு முதுகோடு ஏறியது. கம்பிகளின் ஊடே வந்த கை பிடரியைத் தாண்டி, கொண்டையைத் தாண்டி, உச்சந்தலையைத் தொட்டு அங்கேயே நின்றது. பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு பட்ட கை. வெளியே பஸ் ஹாரன் அடித்தது.

"நிமிரு எம்மா," என்றாள் அமலி.

கூனி நிற்கிறோம் என்று பிரகாசியம்மாளுக்கு அதுவரை தெரியாது. நிமிர்ந்தாள்.

"இன்னும்."

இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தாள். முதுகில் நெட்டி முறிந்தது. ஹாரன் மறுபடி அடித்தது.

"இன்னும் இருக்கு எம்மா," என்றாள் மகள் கயிற்றை ஏற்றிப் பிடித்துக்கொண்டு. "நீ உசரமானவ."